முதலில் அரிசி மூட்டை, அப்புறம் பாப்பா

சென்னை அண்ணா நகர் பக்கமிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாத அளவுக்குச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 33 வயது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். எழுத்தறிவுக்காக அறிவொளி இயக்கம் நடந்த காலத்தில் சைக்கிள் கற்றுக்கொண்ட பெண்களில் அவருடைய அம்மாவும் ஒருவர். ஜென்ட்ஸ் சைக்கிளின் முன் பாரில் துண்டைச் சுற்றி, மகளை உட்காரவைத்துச் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவாராம். வாசகியும் பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில்தான் பள்ளிக்குப் போனவர். இப்போது வீட்டிலிருந்தே வேலை. மகளுக்கு இரண்டேகால் வயது, எடை பதினொன்றரை கிலோ. ப்ளே ஸ்கூல் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இதுவரை கணவர் ஸ்கூட்டரில், முன்னால் நிற்கவைத்துக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது. வீட்டில் சும்மா நிற்கும் லேடீஸ் சைக்கிளில் தானே கூட்டிப் போகலாம் என்று வாசகி நினைக்கிறார். கேரியரில் ஒரு குஷனைக் கட்டி, பாப்பாவைத் தன் இடுப்போடு துப்பட்டாவால் சேர்த்துக் கட்டிக்கொண்டு, 2வது அவென்யூ வழியாக ஓரமாக மெதுவாகப் போய்விடலாம் என்பது திட்டம்.

மாமியாருக்கு இதில் சம்மதமில்லை. "சின்னப் பிள்ளைக்கு மூளை குலுங்கிடும்" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் புகையைச் சொல்லிப் பயமுறுத்துகிறார். பாப்பாவுக்குப் போன மார்கழியில் இரண்டு முறை வீசிங் வந்து நெபுலைசர் வைத்திருக்கிறார்கள். ஏழு மாதக் கைக்குழந்தை ஒருவனும் வீட்டில் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனையும் மார்போடு கட்டிக்கொண்டு டவர் பார்க் வரை போகலாமா என்று கேட்கிறார். ஏதாவது ஆகிவிட்டால் சட்டம் தன்னைத்தான் குற்றம் சொல்லுமா என்ற பயமும் இருக்கிறது. "நாங்களெல்லாம் இப்படித்தானே வளர்ந்தோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே டாக்டர்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

சகோதரி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மகளைச் சைக்கிளில் கூட்டிப் போகலாம். ஆனால் குஷனும் துப்பட்டாவும் வேண்டாம். 2வது அவென்யூவும் வேண்டாம். சைக்கிளில் குழந்தைக்கு வரும் ஆபத்து இரண்டு வகை. ஒன்று, விழுவது. அதற்கு நல்ல சீட், ஹெல்மெட், உங்கள் பழக்கம் எல்லாம் உதவும். இன்னொன்று, வண்டி வந்து இடிப்பது. அதற்கு இவை எதுவும் பெரிதாக உதவாது. எந்தத் தெருவில், எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்பதுதான் உதவும். உங்கள் கடிதத்தில் குஷனைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது, வழியைப் பற்றி அரை வரிதான் இருக்கிறது. நான் அதைத் தலைகீழாக்கச் சொல்கிறேன்.

உங்கள் அம்மாவின் கதையை ரசித்துப் படித்தேன். 1991-92இல் புதுக்கோட்டையில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டபோது லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். முன் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதாலேயே அதை விரும்பி எடுத்தவர்களும் உண்டு. பஸ்ஸுக்குக் காத்துக்கிடக்காமல் பிள்ளையையும் தண்ணீர்க் குடத்தையும் ஏற்றிக்கொண்டு போக முடிந்தது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதை வைத்து "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று கணக்குப் போடாதீர்கள். ஒன்றும் ஆகாதவர்கள்தான் இப்படி எழுதுவார்கள். சக்கரத்தில் கால் மாட்டிய தழும்போடு வளர்ந்தவர் உங்கள் ஊரிலேயே யாராவது இருப்பார், விசாரித்துப் பாருங்கள். அதோடு, அந்த மண் ரோட்டில் உங்கள் அம்மாவுக்குப் பின்னால் தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வரவில்லை.

மூளை குலுங்குமா?

மாமியார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். அவர் சொல்வது கைக்குழந்தைக்குப் பொருந்தும். ஒரு வயதுக்குள் கழுத்துத் தசைகளுக்குத் தலையைத் தாங்கிப் பிடிக்கும் பலம் போதாது. ஹெல்மெட்டின் எடையும் சேர்ந்தால் இன்னும் சிரமம். அதனால்தான் ஒரு வயது முடியும்வரை சைக்கிளே வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறோம். இரண்டேகால் வயதில், நன்றாக உட்கார்ந்து, ஓடி, குதித்து விளையாடும் பிள்ளைக்கு ஒழுங்கான சீட்டில் சாதாரண ரோட்டில் போவதால் மூளைக்குக் கெடுதல் வராது. வேகத்தடையில் தூக்கிப் போடாமல், பள்ளத்தில் இறக்காமல் ஓட்டினால் போதும். டயரில் காற்றைக் கல் மாதிரி அடிக்கவும் வேண்டாம், பஞ்சு மாதிரி விடவும் வேண்டாம். டயரின் பக்கவாட்டிலேயே அளவு அச்சடித்திருக்கும்.

மாமியாரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஸ்கூட்டரில் பாப்பா முன்னால் நின்றுகொண்டு போனபோது அவருக்குப் பயமாக இல்லையா? நம் வீடுகளில் இது வேடிக்கையான வழக்கம். சைக்கிளென்றால் பதறுவோம், ஸ்கூட்டரின் முன்பலகையில் பிள்ளை நிற்பதைக் கண்டுகொள்ள மாட்டோம். சட்டென்று பிரேக் அடித்தால் அந்தக் குழந்தையின் முகவாய் நேராக ஹேண்டில்பாரில்தான் போய் மோதும். 2022இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த திருத்தத்தின்படி, ஒன்பது மாதம் முதல் நான்கு வயதுவரையான குழந்தையை இருசக்கர மோட்டார் வாகனத்தில் கூட்டிப் போனால், குழந்தையை ஓட்டுநரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை, அளவான ஹெல்மெட் இரண்டும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. ஷிஃப்ட் மறுபடி மாறி உங்கள் கணவரே கூட்டிப் போனாலும் இதைச் செய்யுங்கள். ஒரு வீட்டில் சைக்கிளுக்கு ஒரு நியாயம், ஸ்கூட்டருக்கு ஒரு நியாயம் என்று இருக்க வேண்டாம்.

முன்னாலா, பின்னாலா?

குழந்தைக்கென்று செய்த சீட் வாங்குங்கள். முதுகுச் சாய்வு, இரண்டு தோளையும் இடுப்பையும் பிடிக்கும் பட்டை, காலை வைத்துக் கட்டப் பள்ளமான கால்தாங்கி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். ஐரோப்பியத் தரத்தில் முன்பக்க சீட் 15 கிலோ வரை, பின்பக்க சீட் 22 கிலோ வரை என்று அளவு வைத்திருக்கிறார்கள். உங்கள் மகள் இப்போதே பதினொன்றரை. முன் சீட் வாங்கினால் ஒன்றிரண்டு வருடத்தில் அதைத் தூக்கிப் பரணில் போட வேண்டிவரும். முன்னால் இருந்தால் பிள்ளை பேசுவது காதில் விழும், முகம் தெரியும், அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் லேடீஸ் சைக்கிளில் முன்னால் சீட் போட்டால் உங்கள் முழங்கால் இடிக்கும், ஹேண்டில் திருப்புவது கனக்கும், விழுந்தால் நீங்கள் பிள்ளை மேலேயே விழுவீர்கள். பின் சீட்டே என் யோசனை.

அதற்கு முன் கேரியரைப் பாருங்கள். பழைய சைக்கிள்களின் இரும்புக் கேரியர் மூட்டையே தாங்கும். இப்போதைய ஃபேன்சி சைக்கிள்களில் வரும் மெல்லிய கேரியர் பள்ளிப் பைக்கென்று செய்தது. எத்தனை கிலோ தாங்கும் என்று அதிலேயே பொறித்திருக்கும். சீட்டின் எடையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சில சீட்கள் கேரியரில் உட்காராமல் சைக்கிள் சட்டத்தின் நிமிர்ந்த குழாயைப் பிடித்துக்கொள்ளும், அவையும் நல்லவையே. சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்து ஓவராயில் செய்யும்போதே பிரேக் கட்டைகளையும் ஒயரையும் மாற்றிவிடுங்கள். உங்கள் ஒருவர் எடைக்குப் பிடித்த பிரேக், இன்னொரு பதினைந்து கிலோ ஏறினால் பிடிக்காது.

துப்பட்டாவால் கட்டுவதை நான் ஏன் வேண்டாம் என்கிறேன் தெரியுமா? நீங்கள் சாய்ந்தால் அவளும் சாய்வாள். கேரியரில் கால் வைக்க இடமில்லாமல் தொங்கும். அவிழ்ந்து பறக்கும் முனை சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டும்போது துப்பட்டாவை ஒரு பக்கத் தோளில் போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் அன்றைக்கு அது இல்லாமலே கிளம்புங்கள்.

சக்கரத்தில் மாட்டும் கால்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்த பிள்ளைகளை எங்களிடம் தூக்கிக்கொண்டு ஓடிவரும் காரணங்களில் இது முக்கியமானது. கால் களைத்துப்போய் உள்பக்கமாகத் தொங்கும். குதிகால் ஸ்போக்குகளுக்கு நடுவில் போகும். சக்கரம் அதை இழுத்துச் சட்டத்தோடு சேர்த்து நசுக்கும். குதிகாலுக்குப் பின்னால் தோல் உரிந்து நிற்கும். பார்க்கச் சாதாரணச் சிராய்ப்பு மாதிரிதான் முதல் நாள் இருக்கும். இரண்டு மூன்று நாளில் அந்தத் தோல் கறுத்து, உள்ளே எவ்வளவு நசுங்கியது என்பது அப்போதுதான் தெரியும். செருப்பு மட்டும் போட்டுக்கொண்டு வரும் பிள்ளைகளுக்குக் காயம் ஆழமாக இருக்கும்.

ஆகவே கால்தாங்கியில் பட்டை கட்டாமல் ஒரு தெரு தூரம்கூடப் போகக்கூடாது. பாதம் முழுதும் மூடிய ஷூ போடுங்கள். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வலையோ தகடோ போடச் சொல்லுங்கள். பழைய லேடீஸ் சைக்கிள்களில் புடவைக்காக மாட்டும் அதே வலைதான். செயினுக்கு முழுக் கவர் இருக்கட்டும். இன்னொரு இடம் பலருக்குத் தோன்றாது. உங்கள் சீட்டுக்கு அடியில் சுருள் ஸ்பிரிங் இருக்கிறதா? பின்னால் உட்காரும் பிள்ளையின் கை சரியாக அங்கேதான் வரும். நீங்கள் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த விரல் நசுங்கும். ஸ்பிரிங்கைத் தடித்த துணியோ ரெக்சினோ சுற்றி மூடிவிடுங்கள், அல்லது ஸ்பிரிங் இல்லாத சீட்டாக மாற்றுங்கள்.

ஒருவேளை கால் மாட்டிவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். சைக்கிளை ஆடாமல் பிடித்துக்கொண்டு ஸ்போக்கை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள், பக்கத்துப் பஞ்சர் கடையிலேயே கட்டிங் பிளேயர் இருக்கும். குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். காபித்தூள், மஞ்சள் எதையும் அப்பிக்கொண்டு வராதீர்கள். அதை எடுத்துக் கழுவுவதிலேயே பிள்ளைக்குப் பாதி உயிர் போய்விடும்.

ஹெல்மெட்

உங்கள் கணவர் வாங்கி வைத்திருப்பதாக எழுதிய குட்டி மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் சைக்கிளுக்கு வேண்டாம். இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தலையே உடம்பின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தத் தலைமேல் கனத்த ஹெல்மெட் உட்கார்ந்தால் கழுத்து சீக்கிரம் களைக்கும். குழந்தைகளுக்கான சைக்கிள் ஹெல்மெட் சில நூறு கிராம்தான் இருக்கும், காற்றோட்டமும் உண்டு. தலைச் சுற்றளவை டேப்பால் அளந்து வாங்குங்கள், "வளர்ந்தாலும் போடலாம்" என்று பெரிதாக வாங்கும் நம் வழக்கம் இதில் செல்லாது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நெற்றியை மூடி நேராக உட்கார வேண்டும். பட்டைகள் காதுக்குக் கீழே சேர வேண்டும், முகவாய்க்கடியில் ஒரு விரல்தான் நுழைய வேண்டும். உச்சிக் குடுமி போட்டிருந்தால் எந்த ஹெல்மெட்டும் சரியாக உட்காராது, டிக்டாக் கிளிப் தலையில் குத்தும். காலையில் இரண்டு பக்கமும் தாழ்வாகப் பின்னி விடுங்கள், உச்சிக் குடுமி சாயங்காலத்துக்கு இருக்கட்டும்.

ப்ளே ஸ்கூல் வாசலிலேயே ஹெல்மெட்டைக் கழற்றிவிட வேண்டும். ஹெல்மெட்டோடு சறுக்கு மரத்திலோ ஏணியிலோ ஏறினால், தலை இடுக்கில் மாட்டி, பட்டை கழுத்தை இறுக்கும் ஆபத்து இருக்கிறது.

ஹெல்மெட்டால் ஆகாததையும் தெரிந்துகொள்ளுங்கள். சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியச் சோதனையில் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டுப் பார்க்கிறார்கள். அதாவது, சைக்கிளிலிருந்து விழும் தலைக்காகச் செய்தது அது. வேகமாக வரும் கார் இடிப்பதற்காகச் செய்ததில்லை. இதனால்தான் திரும்பத் திரும்ப வழிக்கே வருகிறேன்.

எந்த வழியாக, எத்தனை மணிக்கு?

"ஓரமாக மெதுவாகப் போய்விடுவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வார்த்தையிலும் சிக்கல் இருக்கிறது. சென்னையில் ரோட்டோரம் என்பது மணல், வடிகால் மூடி, நிறுத்தியிருக்கும் கார்கள், ராங் சைடில் வரும் பைக்குகள் எல்லாம் சேரும் இடம். நின்ற காரின் கதவு திறந்தால் உங்களுக்கு ஒதுங்க இடம் இருக்காது. காரிலிருந்து ஒரு கை நீட்டும் தூரமாவது தள்ளி, நேர்கோட்டில் போக வேண்டும். ரொம்ப மெதுவாகப் போனால் பின்பாரத்தோடு சைக்கிள் தள்ளாடும். அலட்டாமல், சீரான மிதமான வேகம்தான் நிலையாக இருக்கும்.

அண்ணா நகரில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கட்டம் போட்ட மாதிரி தெருக்கள் அமைந்த பகுதி அது. அவென்யூவுக்கு இணையாக உள்ளே மரம் நிற்கும் தெருக்கள் நிறைய இருக்கின்றன. அரை கிலோமீட்டர் சுற்றானாலும் அவற்றின் வழியே போங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரையும் கூட்டிக்கொண்டு அந்த வழியை நடந்தே பாருங்கள். எந்த வீட்டு வாசலில் நாய் துரத்தும், எந்த முனையில் ஸ்கூல் வேன் ரிவர்ஸ் எடுக்கும், எங்கே குழி தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் நடந்தால்தான் தெரியும். அவருக்கும் பயம் பாதி குறையும். அவென்யூவைக் கடக்கும் இடத்திலும் ரவுண்டானா பக்கத்திலும் கௌரவம் பார்க்காமல் இறங்கி, தள்ளிக்கொண்டே கடந்துவிடுங்கள். காலையில் பள்ளி நெரிசலுக்கு இருபது நிமிடம் முன்னால் கிளம்பினாலே அதே தெரு வேறு தெருவாக இருக்கும்.

அப்புறம் ஒத்திகை. பாப்பாவை ஏற்றுவதற்கு முன், பத்து கிலோ அரிசி மூட்டையை அந்த சீட்டில் உட்காரவைத்து, பட்டையெல்லாம் கட்டி, ஒரு வாரம் அதே வழியில் போய் வாருங்கள். கிளம்புவது, நிற்பது, திரும்புவது, வேகத்தடையில் ஏறி இறங்குவது, ஒரு கையை எடுத்து சிக்னல் காட்டுவது எல்லாம் கைக்கு வரட்டும். பின்பாரம் சைக்கிளை எப்படி இழுக்கிறது என்பதை நான் எழுதி விளக்க முடியாது. மூட்டை ஒரு தடவை சாய்ந்தாலே புரிந்துவிடும். அரிசி ஆடாது, பாப்பா ஆடுவாள் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த ஒத்திகையில் உங்களுக்குத் திருப்தி வராவிட்டால் திட்டத்தைக் கைவிடுவதில் வெட்கமே இல்லை.

குழந்தை சீட்டில் நடக்கும் விபத்துகளில் பல ஓடும்போது நடப்பதில்லை. நிற்கும் சைக்கிள் சாய்ந்துதான் நடக்கின்றன. பையை மாட்டிவிட்டு, கேட்டைப் பூட்டப் போகும் அந்த அரை நிமிடத்தில் சைட் ஸ்டாண்ட் நழுவும். பட்டை கட்டிய பிள்ளை கையை ஊன்றக்கூட முடியாமல் தலையோடு தரையில் விழும். ஆகவே இரண்டு கால் உள்ள ஸ்டாண்டாக மாற்றுங்கள். வீட்டைப் பூட்டி, பையை முன்கூடையில் வைத்து, உங்கள் ஹெல்மெட்டையும் மாட்டிய பிறகு கடைசியாகப் பிள்ளையை ஏற்றுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதலில் இறக்க வேண்டியதும் அவளைத்தான். அவள் சீட்டில் இருக்கும்வரை உங்கள் ஒரு கை சைக்கிளை விடக்கூடாது. ஸ்டாண்ட் போட்டிருந்தாலும் விடக்கூடாது. டிபன் பையை ஹேண்டிலில் தொங்கவிடாதீர்கள்.

வெயில், மழை, தூக்கம், புகை

நீங்கள் பெடல் மிதிப்பதால் காற்று படும், வேர்க்கும். அவள் ஆடாமல் உட்கார்ந்து வெயில் வாங்குவாள். அதனால் உங்களுக்குத் தெரியும் வெயிலும் அவளுக்குத் தெரியும் வெயிலும் ஒன்றல்ல. காலைப் பயணம் பிரச்சினையில்லை. பன்னிரண்டு மணிக்குத் திரும்புவதுதான் சிக்கல். கத்திரி வெயிலில் மதியத் திரும்பல் வேண்டவே வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள். மற்ற மாதங்களிலும் சீட்டை வெயிலில் விட்டிருந்தால் உட்காரவைக்கும் முன் கொக்கியைத் தொட்டுப் பாருங்கள், இரும்பு தொடையில் சுட்டுவிடும். ப்ளே ஸ்கூல் முடிந்து வரும் பிள்ளை ஐந்தாவது நிமிடம் தூங்கிவிழும். தலை முன்னால் தொங்கினால் நிறுத்தி எழுப்பிவிடுங்கள், அல்லது இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள். சாய்வை மாற்றக்கூடிய சீட் இதற்கு உதவும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால், தேங்கிய தண்ணீருக்குள் சைக்கிளை இறக்காதீர்கள். அடியில் பள்ளமா, திறந்த மூடியா என்று தெரியாது. அந்த நாட்களுக்கு சாதாரண டவுன் பஸ் இருக்கவே இருக்கிறது. விடியல் பயணத்தில் உங்களுக்குக் கட்டணமில்லை, ஐந்து வயதுவரை பாப்பாவுக்கும் டிக்கெட் இல்லை.

புகையைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பொய்யில்லை. எடைக்கு எடை பார்த்தால் குழந்தைகள் நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். ஆனால் ஸ்கூட்டரில் முன்னால் நின்றபோதும் அதே புகையைத்தானே இழுத்தாள்? உள் தெரு வழியாகப் போவது இதற்கும் மருந்து. சிக்னலில் பஸ்ஸின் புகைக்குழாய்க்கு நேர் பின்னால் நிற்காதீர்கள். போகி அன்றும் தீபாவளிக்கு மறுநாளும் சைக்கிளை எடுக்காதீர்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு மாஸ்க் சரியாகப் பொருந்தாது, தேவையுமில்லை. இரண்டு முறை வீசிங் வந்ததை மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள். உங்கள் குழந்தை மருத்துவரிடம் காட்டி, தொடர்ந்து இன்ஹேலர் தேவையா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வீசிங் அடங்கி இருக்கும் பிள்ளை சைக்கிளில் போகலாம். மூக்கொழுகலும் இருமலும் இருக்கும் வாரத்தில் வீட்டில் இருக்கட்டும்.

சட்டம் உங்களைக் குற்றம் சொல்லுமா?

ஒரு காலத்தில் டபுள்ஸ் போனால் போலீஸ் பிடித்து டயரில் காற்றைப் பிடுங்கிவிடும் கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது நீங்கள் பயப்பட வேண்டிய விஷயம் அது இல்லை. மிதிவண்டி மோட்டார் வாகனம் அல்ல. ஆகவே லைசென்ஸ் வேண்டாம், நான் மேலே சொன்ன 2022 விதியும் ஹெல்மெட் அபராதமும் சைக்கிளுக்குப் பொருந்தாது. அதற்காகச் சட்டமே இல்லை என்று அர்த்தமில்லை. பொது வழியில் எந்த வண்டியையும் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அசட்டையாக ஓட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவில் குற்றம், அது சைக்கிளுக்கும் சேர்த்துத்தான். சிக்னலை மீறாமல், ராங் சைடில் போகாமல் ஓட்டும் தாயை யாரும் குற்றவாளியாக்கப் போவதில்லை.

மோட்டார் வாகனம் இடித்துவிட்டால் உங்களுக்கு உரிமை இருக்கிறது. லைசென்ஸ் இல்லாத சைக்கிள்காரர் என்பதால் இழப்பீடு கிடைக்காது என்பது தவறான எண்ணம். வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், காவல் நிலையத்தில் புகார் பதிவு செய்யுங்கள். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் உங்களுக்காகவும் குழந்தைக்காகவும் மனு போடலாம், அந்த வண்டியின் மூன்றாம் நபர் காப்பீடு இதற்காகத்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் பணத்தை யோசித்துத் தயங்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு அரசு மருத்துவமனையிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேர சிகிச்சை அரசு செலவில் நடக்கும், வரம்பு உண்டு.

சின்ன விழுதல் என்றாலும் தலை அடிபட்டிருந்தால் இரண்டு நாள் கவனியுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் விழிக்காத தூக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி வடிவது, ஒரு கையையோ காலையோ அசைக்காமல் வைத்திருப்பது, இவற்றில் எது இருந்தாலும் இரவென்றும் பார்க்காமல் வந்துவிடுங்கள். அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மறுபடி போடாதீர்கள், உள்ளே நொறுங்கியிருக்கும்.

கைக்குழந்தை

சின்னவனைப் பற்றிய கேள்விக்கு என் பதில் கண்டிப்பாகக் கூடாது என்பதுதான். ஏழு மாதத்தில் கழுத்து நிற்பதுபோலத் தெரியும், ஆனால் சைக்கிளுக்கு அது போதாது. மார்போடு கட்டிக்கொண்டு ஓட்டுவதை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். விழுந்தால் உங்கள் எடை முழுதும் அவன் மேல்தான் விழும். ஹெல்மெட்டும் போட முடியாது, போட்டால் மூச்சுக்கு இடைஞ்சல். கட்டிக்கொண்டு நடப்பதற்குத்தான் அந்தத் துணி நல்லது. ஒரு வயது முடிந்து, தானாக உட்கார்ந்து, எடையும் ஒன்பது கிலோவைத் தாண்டியபின் அவனைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் ஒரு சைக்கிளில் ஒரு பிள்ளைதான். ஞாயிற்றுக்கிழமை டவர் பார்க்குக்கு அக்காவை நீங்கள் சைக்கிளில் கூட்டிப் போங்கள், தம்பியைத் தூக்கிக்கொண்டு உங்கள் கணவர் நடந்து வரட்டும்.